ரைட் விங்குக்கு ஒரு வாக்கு

போன ஞாயிறு பூசை முடிந்து, பங்கு மண்டபத்துக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். பிடித்துவிட்டார்கள். ரைட் விங் யார் என்று நான் சொல்ல வேண்டுமாம்.

நான்... பந்தைக் காலால் தொட்டதே இல்லை.

விஷயம் இதுதான். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில், எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் உதைபந்தாட்டக் குழு தொடங்கிக் கன வருடம் ஆகிறது. எத்தனையோ பேர் விளையாடினார்கள். பாதிப் பேர் ஜெர்மனி, கனடா என்று போயும் விட்டார்கள். போனவர், இருப்பவர் எல்லோரிலும் ஆகத் திறமான பதினொரு பேரைத் தெரிவு செய்ய வேண்டும். அவர்கள் படத்தைப் பெரிதாக்கி மண்டபச் சுவரில் மாட்ட வேண்டும். இது கப்டன் தேவராசா அண்ணனின் யோசனை.

கோல் காப்பவர், பின்னுக்கு நிற்பவர்கள், நடுவில் நிற்பவர்கள் — எல்லாம் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குள் முடிந்தது. இழுபட்டது ஓரத்தில் ஓடுகிற இரண்டு பேரில்.

அதைப் பெண்களிடம் கேட்போம் என்று தேவராசா அண்ணன்தான் சொன்னார். கோட்டோரம் பாய் விரித்து இருப்பவர்கள் நாங்கள். ஓரத்தில் ஓடுகிறவரின் மூச்சு எங்களுக்குத்தான் கேட்கும். நியாயமான பேச்சு.

லெப்ட் விங்கில் சிக்கல் இல்லை. மன்னார் அன்ரன். இப்போது கனடாவில். பந்தோடு வருகிற வேகத்திலேயே குனிந்து, எங்கள் தட்டில் ஒரு தோடம்பழத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போவான். பந்து காலை விட்டுப் போகாது. ஒருநாள் ஜெசிந்தா வேண்டுமென்றே எலுமிச்சைத் துண்டை வைத்தாள். அதையும் சப்பிக்கொண்டு போய்க் கோல் அடித்தான். முகம் மட்டும் கோணியிருந்தது.

ரைட் விங்கில்தான் வினை. இரண்டு பேர். ஒருவர் செல்வம். மற்றவர் ராசன்.

ராசன் என் கணவர்.

இரண்டு பேரும் ஒன்றாக விளையாடியதே இல்லை. வியாழன் பின்னேரம் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு லீவு. விளையாட்டும் அன்றுதான். செல்வத்துக்கு மொண்டெல்லோவில் ரெஸ்ரோறண்ட் வேலை — இரவுச் சமையலுக்கு வெள்ளனவே ஓட வேண்டும். ஆகவே முதல் பாதி அவர். என் மனுசன் பொலிதேயாமாப் பக்கம் ஒரு கிழவரைப் பார்க்கிறவர். கிழவரைச் சாப்பிட வைத்து, படுக்க வைத்து, வந்து சேர இரண்டாம் பாதிதான். ஏழாம் இலக்கச் சட்டையும் ஒன்றே ஒன்று. செல்வம் கழற்றிக் கொடுக்க இவர் போடுவார். இரண்டு பேரின் வியர்வையையும் தோய்ப்பவள் நான்.

ஆண்கள் சரி பாதியாகப் பிரிந்து நின்றார்கள். பாதி முகம் செல்வம், பாதி முகம் ராசன் என்று படத்தை வெட்டி ஒட்டலாமே என்றார் ஒருவர். ஸ்ரூடியோக்காரன் அடிக்க வருவான் என்றார் இன்னொருவர்.

பெண்களில் ஜெசிந்தா, செல்வம் என்றாள். மங்களம் அக்கா, ராசன் என்றார். ராசன்தான் தன் சாமான் பையை மாடிக்குத் தூக்கித் தருகிறவராம். பை தூக்கினதுக்கெல்லாம் விங்கில் இடமா என்று ஜெசிந்தா கேட்டாள்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இவர் மட்டும் பார்க்கவில்லை. கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமயிர் புதிதாக வெட்டியிருந்தது. முந்தின கிழமைதான் வெட்டினவர். சனிக்கிழமை திரும்பவும் போய் வெட்டினவர். படத்துக்காக என்று எனக்குத் தெரியாதா?

உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான் செல்வம் என்றேன்.

"ராசண்ணை, மனுசியே கைவிட்டிட்டா, இண்டைக்கு இராச்சாப்பாடு உங்கடை கையாலைதான்" என்றாள் ஜெசிந்தா. எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரிப்பு பல்லோடு நின்றது.

அல்பெர்கேரியா ஒழுங்கைகளால் நடந்து வீட்டுக்கு வந்தோம். சந்தையைத் தாண்டும்போது வழக்கமாகக் கத்தரிக்காய் விலை கேட்பார். கேட்கவில்லை. வீட்டில் நான் வெங்காயம் வெட்டினேன். இவர் உள்ளி உரித்தார். கடைசிப் பல்லை உரிக்கும்போது சொன்னார்.

"செல்வம் நல்ல விளையாட்டுக்காரன். நானும் அவனைத்தான் சொல்லியிருப்பன்."

"பிறகென்ன?"

"நீர் என்னைப் பாத்திட்டுச் சொல்லியிருக்கலாம்."

"வியாழனுக்கு வியாழன் வாறன்தானே."

"வாறீர். மர நிழலுக்கை இருக்கிறீர். நான் ஓடுறது அந்தக் கரையிலை."

உள்ளித் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இடைவேளைக்குப் பிறகு இரு குழுவும் பக்கம் மாறுகின்றன. முதல் பாதியில் எங்கள் பாயை உரசிக்கொண்டு ஓடுகிற ரைட் விங், இரண்டாம் பாதியில் மைதானத்தின் மறு கரைக்குப் போய்விடுகிறது. செல்வத்தைப் பக்கத்தில் பார்த்தோம். பக்கம் மாறினால் அன்ரனைப் பக்கத்தில் பார்த்தோம். இவர் தூரத்தில் ஒரு ஏழாம் இலக்கம். அவ்வளவுதான். வீடியோ எடுத்தா வைத்திருக்கிறோம், போட்டுப் பார்க்க?

இந்த வியாழன், இடைவேளைக்குப் பாயைச் சுருட்டினேன். எங்கே போகிறாய் என்று ஜெசிந்தா கேட்டாள். சுற்றிப் போய் மறு கரையில் விரித்தேன். தனியாக. அங்கே மரம் இல்லை. வெயில் மண்டையில் இறங்கியது.

இவர் வந்தார். செல்வத்திடம் சட்டையை வாங்கிப் போட்டார். ஓடத் தொடங்கினார்.

வேகம் குறைவுதான். அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால்... கதைக்கிறார். வீட்டில், கறிக்கு உப்புக் காணாது என்பதையே கையால் காட்டுகிற மனுசன். இங்கே பின்னால் நிற்பவருக்கு இடம் சொல்கிறார். நடுவில் நிற்பவரைப் பகிடி பண்ணுகிறார். பந்தைப் பறிகொடுத்தவரிடம் பரவாயில்லை, வா என்கிறார். தன்னை மறிக்க நின்ற கானா நாட்டுக்காரரிடம் ஓட்டத்திலேயே இத்தாலியனில் சுகம் விசாரிக்கிறார். அந்த மனுசனின் பெண்சாதிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். தாய்க்கு நித்திரை இல்லையாம்.

கலியாணம் கட்டி இத்தனை வருடம். இந்தக் குரலை நான் கேட்டதில்லை.

பந்து வெளியே போய் என் பாயில் முட்டியது. எடுக்க வந்தவர் அப்போதுதான் என்னைக் கண்டார்.

"ஏன் இஞ்சை வந்தனீர்?"

"பாக்க."

"வெயில்."

"ஓம்."

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு எறிந்தார். அது ஒருவர் காலில் பட்டு இவருக்கே திரும்பி வந்தது. இவர் அதைக் காணவில்லை. துவாயை எடுத்துத் தலையில் போடச் சொல்லி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கானா நாட்டுக்காரர் பந்தைக் கொண்டு போய்விட்டார். கோல்.

தேவராசா அண்ணன் கத்தியது மொண்டெல்லோவில் செல்வத்துக்கும் கேட்டிருக்கும்.

விளையாட்டு முடிந்து, கோபமும் ஆறி, அவர் என்னிடம் வந்தார். படம் இன்னும் ஸ்ரூடியோவுக்குக் கொடுக்கவில்லை, மாற்றுவதென்றால் இப்போதே மாற்றலாம் என்றார். பக்கத்தில் இவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அவிழ்ந்து கிடந்த கயிற்றை.

"செல்வம்தான்" என்றேன்.

இவர் நிமிர்ந்தார்.

"இப்ப பாத்திட்டுத்தான் சொல்லுறீர்."

"ஓம். பாத்திட்டுத்தான்."

சிரித்தார். இந்த முறை கண்ணும் சிரித்தது. அல்பெர்கேரியா வந்து சேரும்வரை கானா நாட்டுக்காரரின் பிள்ளைகளைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். சந்தையில் கத்தரிக்காய் விலையும் கேட்டார். வாங்கவில்லை. அது வழக்கம்.

ஒரே வீட்டில் இருக்கிறோம், எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்துவிடுகிறோம். எந்தக் கரையில் இருந்து பார்த்தோம் என்று யார் யோசிக்கிறோம்?

மண்டபச் சுவரில் செல்வம் வரட்டும். ஓடத் தெரிந்தவர்.

அந்தக் கரையில்தான் நிழல் இல்லை. நேற்று ஒரு தொப்பி வாங்கிவிட்டேன்.