பெரட்டில் வராத பெயர்

ஈப்போவில், புந்தோங் வீட்டில் மகள் பள்ளிப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ‘கால்’ என்ற ஆங்கில வினைச்சொல்லின் பல பொருள்கள். டாக்சியைக் கூப்பிடலாம், தொலைபேசியில் அழைக்கலாம், ‘ஆஃப்’ சேர்த்தால் கூட்டத்தை ரத்து செய்யலாம். வருகைக்குப் பெயர் வாசிப்பதும் இதே சொல்தான் என்று அவள் படித்ததும் எனக்கு எஸ்டேட் நினைவு வந்தது.

நான் சிறுமியாக இருந்த அந்த எஸ்டேட்டில் தினமும் விடியுமுன் பெரட்டு. ரப்பர் பால்மரம் சீவுகிறவர்கள் வரிசையில் நிற்க, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிப்பார். பெயர் வராதவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் இல்லை. ஒரு நாள் அப்பா, பால் நிறுக்கும் தராசு சரியில்லை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னார்.

மறுநாள் பெரட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். வாளிகளில் ஒட்டிய பழைய பால் புளித்து நாறியது. அப்பாவுக்கு முன்னால் நின்றவரின் பெயர் வந்தது. அடுத்து, பின்னால் நின்றவரின் பெயர்.

“இருக்கேன் ஐயா,” என்றார் அப்பா, கூப்பிடாமலே.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மண்டோர் திரும்பினார். “உன்ன யாரு கூப்பிட்டா லா?”

“என் பேரு விட்டுப்போச்சுங்க.”

கிராணி தலை நிமிரவில்லை. “விட்டுப்போகல.”

அம்மாவின் பிடியில் என் விரல்கள் வலித்தன. மற்றவர்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகும் அப்பா அங்கேயே நின்றார். அந்த மாதம் முடியுமுன் வீட்டைக் காலி செய்தோம்.

இப்போது ஈப்போ கிளினிக்கில் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டாலே நான் எழுந்து நின்றுவிடுகிறேன். “உட்காருங்க அக்கா, உங்க பேரு வரும்,” என்கிறாள் நர்ஸ். உட்காருகிறேன். ஆனால் அவள் வாயிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.