கரி மிதந்த நீச்சல் தொட்டி

மகள் நீந்தட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் நான் கட்டிய தொட்டியில் தண்ணீர் பச்சையாகிவிட்டது.

இன்று காலை ஒதியம்பட்டிலிருந்து மச்சினன் வந்து எட்டிப் பார்த்தான்.

"பொம்பளப் புள்ளைக்கு நீச்சல் எதுக்கு மாமா? மூடிட்டு வாழை வையி."

"தண்ணி தெளிஞ்சிடுச்சின்னா?"

"மொதல்ல தெளியட்டும், பாக்கலாம்."

எனக்கு வீம்பு வந்துவிட்டது. தொட்டியின் வடிகட்டியைப் பிரித்தேன். சிமென்ட் உறைக்குள் மணல், கரி, ஜல்லி. மூன்றையும் நானே அலசினேன். திரும்ப அடுக்கும்போது கரியை மேலே போட்டுவிட்டேன். மோட்டாரைப் போட்டதும் கரி மிதந்து தொட்டிக்குள் வழிந்தது. பச்சைத் தண்ணீர் கறுப்பானது.

"இன்னாங்க, மையா காச்சறீங்க?" என்றாள் மனைவி. மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் விடவில்லை. தொட்டியை இறைத்துக் கழுவினேன். ஜல்லி அடியில், கரி நடுவில், மணல் மேலே என்று மறுபடி அடுக்கி, அதன் வழியே புதுத் தண்ணீர் விட்டேன். மாலையில் தொட்டியின் தரை பளிச்சென்று தெரிந்தது. மகள் குதித்தாள்.

"எம் பொண்ணு நீந்துவாடா. நாளைக்கி உம் பொண்ணையும் இட்டுக்கினு வா" என்றேன்.

தொட்டியை மூடச் சொல்ல இன்னும் யாராவது இருந்தால் தாராளமாக வாருங்கள். என் மகளோடு நாலு சுற்று நீந்திவிட்டு, மூச்சு மிச்சமிருந்தால் சொல்லுங்கள்.