அக்கா செய்த பெட்டிக்குத் தேதி இல்லை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பியாகிய என் வணக்கம். அக்கா மறைந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவரான மாமா சொன்னபோது, என்னைவிட நன்றாக எழுதுபவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்களே என்றேன். "நீதான கூடவே இருந்தே. நடந்தத நடந்தபடி எழுது" என்றார். எழுதுகிறேன். இதில் என் தவறு ஒன்றும் வருகிறது. அதையும் மறைக்கவில்லை.

எருமப்பட்டியை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவரை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்ப அப்பா முடிவு செய்திருந்தார். அக்காவோ சேலத்தில் மின்சாரம் பற்றிய டிப்ளமா படிக்க விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார்.

"கரண்டு படிச்சுப்போட்டுக் கம்பத்துல ஏறப்போறியா சாமி?" என்று அப்பா கேட்டார்.

"கம்பத்துல எதுக்குங்கப்பா ஏறோணும்? பெட்டிக்குள்ள வயரு கட்டறதுக்கும் ஆளு வேணுமுங்களே."

சொன்னபடியே செய்தார். சேலத்தில் ஒரு பேனல் போர்டு பட்டறையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தார். மோட்டார்களை ஓட்டும் சுவிட்சுகளும் மீட்டர்களும் அடங்கிய இரும்புப் பெட்டியைத்தான் பேனல் போர்டு என்கிறோம். திருமணத்துக்குப் பிறகு மாமா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போனால் திரும்ப ஐந்தாறு மாதம் ஆகும். அந்தக் காலத்தில் மகளையும் வளர்த்துக்கொண்டு, சேந்தமங்கலம் சாலையில் தகரக் கொட்டகை போட்டுத் தனியாகப் பட்டறை தொடங்கினார். நான் இரண்டாம் ஆண்டில் போய்ச் சேர்ந்தேன். சாமான் வாங்குவதும் கொண்டுபோய் இறக்குவதும் என் பொறுப்பு.

சேந்தமங்கலத்துக்கு அப்பால் உள்ள, ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலைக்குப் பெட்டி கொண்டுபோன அன்று நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஆறு பேர் தூக்கியும் பெட்டி மோட்டார் அறைக் கதவில் நுழையவில்லை. ஆலைக்காரர் நல்ல மனிதர். "செவுத்த இடிச்சுப் போட்டாப் போவுது, உடு கண்ணு" என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியைத் திரும்ப ஏற்றச் சொன்னார்.

மூன்று வாரம் அவர் வேறு வேலை பார்க்கவில்லை. நான்கு தூண்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் துளைகள். தூணையும் குறுக்குச் சட்டத்தையும் பிடிக்க முக்கோண மூலைத் துண்டு. பக்கத் தகட்டைக் கழற்றினால் அதே இடத்தில் இன்னொரு பெட்டியைச் சேர்த்துப் போல்ட்டால் முடுக்கிக்கொள்ளலாம். வெல்டிங் எங்கும் கிடையாது. துண்டு துண்டாக ஆலைக்குள் கொண்டுபோய், ஒரு மதியத்தில் முடுக்கி நிறுத்தினோம். ஆலைக்காரர் பெட்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்தார்.

"ஆலை பெருசானா?"

"பெட்டியும் பெருசாவுமுங்க" என்றார் அக்கா.

அதன் பிறகு கோழிப்பண்ணை, அரிசி ஆலை, நூற்பாலை என்று கேட்டு வந்தார்கள். எல்லோரும் அதைப் 'பிரிச்சு மாட்டற பெட்டி' என்றே சொன்னார்கள். அதற்குக் காப்புரிமை வாங்கலாம் என்ற எண்ணமே எங்கள் யாருக்கும் வரவில்லை. பார்க்க வந்த வேறு பட்டறைக்காரர்களுக்கும் அக்கா திறந்தே காட்டினார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. வெளிமாநில நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர் அனுப்பியிருந்தார். துளையிட்ட தூண்கள், மூலைத் துண்டு, கழற்றிச் சேர்க்கும் பக்கத் தகடு ஆகியவை கொண்ட பெட்டிக்கு அந்த நிறுவனம் காப்புரிமை பெற்றிருக்கிறது என்றும், நாங்கள் உடனே தயாரிப்பை நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கூடவே இருந்த படத்தைப் பார்த்த அக்கா, "இது நம்ம பெட்டிதான தம்பி?" என்று என்னையே கேட்டார். அவர்கள் எங்களைப் பார்த்துச் செய்தார்களா, தாங்களாகவே யோசித்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததை இங்கே எழுதக் கூடாது.

கோவையில் காப்புரிமை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கதான் முன்னாடியே செஞ்சீங்கன்னு எனக்குப் புரியுதுங்க. எனக்குப் புரிஞ்சு பிரயோசனமில்லீங்க. அவங்க மனுப் போட்ட தேதிக்கு முன்னாலயே இது வெளிய புழக்கத்துல இருந்துதுன்னு காட்டோணும். காட்டிட்டா அவங்க காப்புரிமை நிக்காது."

"படம் இருக்குதுங்க" என்றார் அக்கா. "ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளயும் வெளியயும் கையால வரைஞ்சு, வாங்கறவங்க கையெழுத்தும் தேதியும் போட்டுக் குடுத்த பொறகுதானுங்க தகட்டையே வெட்டுவேன்."

வழக்கறிஞர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அது ஒண்ணு போதுமுங்களே!"

அந்தப் படங்கள் இல்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொட்டகைக்குக் கூரை மாற்றும்போது, இடத்தை அடைக்கிறதே என்று அந்தப் படக்கட்டுகளைப் பழைய பேப்பர் எடுப்பவரிடம் போட்டவன் நான். அக்காவிடம் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் வைத்துத்தான் சொன்னேன்.

"எல்லாத்தையுமா?" என்றார்.

"எல்லாத்தையும்தானுங்கக்கா."

"கரையான் அரிச்சிருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். "ரெண்டு கட்டு மட்டும்" என்றேன்.

"பஸ்சு வருது, ஏறு" என்றார் அக்கா. அதற்கப்புறம் சாகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் முதல் இருவரும் வண்டியில் பழைய பெட்டிகளைத் தேடிப் போனோம். ஓமலூரில் ஒரு அரிசி ஆலை மூடப்பட்டு, இயந்திரங்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போயிருந்தன. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையில் பெட்டி அப்படியே இருந்தது. ஆனால் பண்ணைக்காரர், "உங்க பேர்ல எனக்கு மரியாத உண்டுங்க. கோர்ட்டு, கையெழுத்துன்னா மட்டும் வேண்டாமுங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைசியாகச் சேகோ ஆலைக்குப் போனோம். முதல் பெட்டி அதே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை பெயிண்ட் அடித்ததில் எங்கள் பெயர்த் தகடு போயிருந்தது. "நான் வந்து சொல்றேன் கண்ணு, எங்க வேணுமின்னாலும் வாரேன்" என்றார் ஆலைக்காரர். எழுபது வயதைத் தாண்டியவர். உள்ளே போய், ஆலையில் பூசை போட்ட நாளின் புகைப்படத்தையும் தேடி எடுத்து வந்தார். ஓரத்தில் கேமரா பதித்த தேதி செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. அந்த நிறுவனம் மனுப் போட்டதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தைய தேதி. அக்கா அந்த வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கோவைக்காரர் படத்தைப் பார்த்தார். படத்தில் பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. கதவு மூடியிருந்தது.

"தூணு தெரியலீங்க. மூலைத் துண்டு தெரியலீங்க. வெளிய பாத்தா எல்லாப் பெட்டியும் இப்படித்தானுங்க இருக்கும்."

ஆலையில் நிற்கும் பெட்டியைத் திறந்தால் எல்லாம் தெரியும், ஆனால் அதில் தேதி இல்லை. தேதி உள்ள படத்தில் உள்ளே எதுவும் தெரியவில்லை. இருப்பதை வைத்துக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தோம். ஆலைக்காரர் சொன்னபடி வந்து பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார்.

இந்த அலைச்சலில் அக்காவுக்கு வயிற்று வலி இருந்திருக்கிறது. சோடா குடித்துச் சமாளித்திருக்கிறார். கூடவே வண்டி ஓட்டிய எனக்குக்கூடத் தெரியவில்லை. சேலம் மருத்துவமனையில் கட்டி என்று கண்டுபிடித்தபோது அது ஈரல்வரை பரவியிருந்தது. மாமா ரிக் வேலையை விட்டுவிட்டு வந்து, கடைசி நான்கு மாதமும் பக்கத்திலேயே இருந்தார்.

மருத்துவமனையில் ஒருநாள் காலை அக்கா பேப்பரும் பென்சிலும் கேட்டார். முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து, அந்த மூலைத் துண்டை வரைந்தார். துளைகளின் இடைவெளி, தகட்டின் கனம், மடிப்பின் கோணம் எல்லாம் அப்படியே வந்தன. கை நடுங்கியும் கோடு நடுங்கவில்லை. "இதக் கோவைக்கு அனுப்பு" என்றார். நான் வெளியே போய்ப் போன் செய்தேன்.

"இன்னைக்கு வரைஞ்சா இன்னைக்குத் தேதிதானுங்களே" என்றார் கோவைக்காரர்.

உள்ளே வந்து, "அனுப்பிட்டேங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அக்கா தலையாட்டினார். பதினேழாம் நாள் காலமானார்.

மனு மீதான உத்தரவு அவர் போய் ஐந்து மாதம் கழித்து வந்தது. இப்படி ஒரு பெட்டி இருந்ததாகச் சாட்சி சொல்கிறார், அதன் இணைப்பு முறை அப்போதே வெளிப்பட்டிருந்ததற்கு ஆதாரம் போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். காப்புரிமை அப்படியே நிற்கிறது. மேலே போக எங்களுக்குச் சக்தி இல்லை. பட்டறையில் இப்போது வெல்டிங் வைத்த பழைய மாதிரிப் பெட்டிகளை மட்டும் செய்கிறோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைத் தம் தாயைப்போல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள். ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்திராத பட்டறைத் தொழிலாளர்கள். முட்டி வலியோடு படியேறி வந்து கையெழுத்திட்ட ஆலைக்காரர். பாதிக் கட்டணத்தைத் தாமே விட்டுக்கொடுத்த கோவைக்காரர். அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கும் அக்காவின் மகள். அனைவரையும் கும்பிடுகிறேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பெயர் கேட்டு வைக்கவில்லை. சென்ற மாதம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் பட்டறைக்கு வந்து, பிரிச்சு மாட்டற பெட்டி ஒன்று வேண்டும் என்றார். அக்கா இறந்ததும் அவருக்குத் தெரியாது, வழக்கும் தெரியாது. நாங்கள் இப்போது செய்வதில்லை என்று சொல்லி, அந்த நிறுவனத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இவங்க யாருங்க? இது அந்தம்மா கண்டுபுடிச்ச பெட்டியில்லீங்களா?"

"ஆமாங்க" என்றேன். அவருக்கும் என் நன்றி.