சனிக்கிழமைப் பை

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நான், அம்மா, அக்கா மூவரும் இருந்தோம். அக்காவைக் கட்டிக்கொடுத்த மீமிசல் வீட்டிலிருந்து வேறு யாரும் வரவில்லை. பக்கவாதத்தில் அப்பாவின் வலது கை அசைவற்றுக் கிடந்தது.

"உப்பு, கருவாடு நெறைய சேத்துக்குவாரா?" டாக்டர் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "இல்லைங்க சார். ரெண்டு வருசமா காயும் கீரையும் பழமும்தான்."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவுக்கு பிரஷர் என்றதும் தேடித் தேடிப் படித்தேன். காயும் பழமும் நிறையச் சேர்த்தால் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு குறையும் என்றிருந்தது. கிணற்றடியில் ஒரு துண்டு நிலத்தை விற்பனைக்கில்லாமல் ஒதுக்கி வெண்டை, அவரை, கீரை போட்டேன். கொய்யாவும் பப்பாளியும் வைத்தேன். திருச்சியில் வேலை கிடைத்த பிறகு தினமும் போனில் கேட்பேன்.

"காய் சாப்டீங்களாப்பா?"

"தின்னேன்டா. வயித்துக்குள்ளயே தோட்டம் மொளைச்சுருச்சு, போ."

டாக்டர் நகர்ந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாத்திரை ஒழுங்காத்தான் போட்டாரு தம்பி. காயெல்லாம் சனிக்கிழமையானா பையில கட்டி சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோயிருவாரு. பொண்ணு குடுத்த வீட்டுக்கு வெறுங்கையோட போகமுடியுமாம்பாரு."

"அப்ப இவரு என்னத்தைச் சாப்பிட்டாரு?"

"அவுக பையை வெறும்பையா அனுப்புவாகளா? கருவாடு போட்டுக் குடுப்பாக. அதைப் பொரிச்சாத்தான் இவருக்குச் சோறு எறங்கும்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்லம்மா."

"படிச்ச புள்ளை, கேட்டா மனசு ஒடைஞ்சுரும்னு சத்தியம் வாங்கிட்டாருய்யா."

அக்கா தரையைப் பார்த்தாள். அந்தப் பையை வாரந்தோறும் வாங்கி, கருவாடு போட்டுக் கட்டியவள் அவள்தான். தெரியாதவன் நான் ஒருவன்.

அப்போது அவள் போன் அடித்தது. மாமனார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தி எப்புடி இருக்காக? வரணும்னுதான் இருக்கேன், வேலை ஒழியலை. தம்பி இருக்காகளா? தம்பி, ஒங்க வீட்டுக் காயைத் தின்னு எனக்கு பிரஷர் நல்லா எறங்கியிருக்காம், டாக்டரே சொல்லிட்டாரு! ஆமா, இந்தச் சனிக்கிழமை பையை யாரு கொண்டாருவா?"

நான் படித்தது பொய்யாகவில்லை. வேறொருவர் உடம்பில் பலித்திருந்தது.

அப்பாவின் இடது கை என் கையைத் தேடி வந்தது. பிடித்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பசுவையும் கன்றையும் விற்றோம். அம்மாவின் தோட்டை அடகு வைத்தோம். ஆஸ்பத்திரி, மருந்து, கைக்குப் பயிற்சி எல்லாம் சேர்த்து எண்பத்து நாலாயிரம் ரூபாய் ஆனது.