கண்ணில் ஒற்றிய தில்லை

கண்புரை அறுவைக்குப் பின் நர்ஸ் விட்ட சொட்டு மருந்து சுரீரென்று எரிந்தது. மூடிய கண்ணுக்குள் பிச்சாவரத்துச் சேற்று வாடை எழுந்தது.

1966, மாசி மாதம். எனக்கு ஒன்பது வயது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரத்தை ஊருக்குள் நாங்கள் பார்த்ததே இல்லை. அது பிச்சாவரத்து உப்பங்கழிக் காட்டில் இருந்தது. அதைத் தரிசிக்க அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு படகேறினாள். மரத்தைக் கண்டதும் ஒரு கொத்தை ஒடித்து, பக்தியோடு கண்களில் ஒற்றிக்கொண்டாள். ஒடித்த இடத்தில் கசிந்த பால் இரு கண்ணிலும் பட்டது.

படகோட்டி குடிதண்ணீர் முழுவதையும் அவள் கண்ணில் ஊற்றினார். “அந்தப் பால் பட்டா கண்ணு போயிடும்மா.”

“சாமி மரம் கண்ண எடுக்குமாய்யா?”

“உங்களுக்குத்தாம்மா அது சாமி.”

திரும்பலாமென்றால் கடல் உள்வாங்கி நீர் வற்றிப் படகு சேற்றில் அமர்ந்துவிட்டது. இறங்கவும் முடியாது, இடுப்பளவு சேற்றில் மூச்சு வேர்கள் ஆணிகளாய் நீட்டிக்கொண்டிருந்தன. சுரபுன்னை மரங்களின் தாங்கு வேர்கள் இருபுறமும் கூண்டுக் கம்பிகள்போல இறங்கியிருந்தன. மேலே கிளைகள் பின்னி வானத்தை மறைத்தன.

“தண்ணி ஏறாம நவுராதும்மா,” என்றார் படகோட்டி.

அத்தை என் கையை இறுக்கினாள். “என்னடா தெரியுது?”

“வேருதான் அத்தை. எங்க பாத்தாலும் வேரு.”

“பொய்யாவது சொல்லேன்டா.”

மாலையில் நீர் ஏறியது. அத்தைக்குப் பார்வை திரும்பச் சில நாட்கள் ஆயின. பிறகு கோயிலில் எல்லோரும் கண்மூடிக் கும்பிடும்போது அவள் மட்டும் திறந்தே வைத்திருப்பாள்.

“கண்ண மூடிக்கிட்டே இருங்க சார்,” என்கிறார் நர்ஸ்.

“கொஞ்சம் பொறும்மா,” என்கிறேன், திறந்த கண்ணை மூடாமல்.