எலுமிச்சை மரத்துப் பட்டு

நான் ஒரு புழுவிடம் சேலை எதிர்பார்த்து ஏமாந்தவன். சண்டையில் ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில், சிரம்பான் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது நடந்தது. ரப்பர் வாங்க ஆளில்லை, எழுதக் கணக்கில்லை. பொழுது போகப் படித்துக்கொண்டிருந்தேன். கெடுதல் அங்கேதான் தொடங்கியது.

துணிப் பஞ்சம். என் மனைவியிடம் வெளியே கட்டிப்போக ஒரே சேலை; அதிலும் சேலையைவிடத் தையல் அதிகம். பக்கத்து ஊரான சுவாவில் அவள் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. "இதக் கட்டிக்கிட்டு நான் வரலங்க. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூடப் பிறந்தவள் கல்யாணம்!

அப்போதுதான் எங்கள் எலுமிச்சை மரத்தில் புழுக்களைக் கண்டேன். பின்புறக் காட்டிலிருந்து ஒரு பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்து, இலைக்கு ஒன்றாக முட்டை வைத்துப் போயிருந்தது. புழு முதலில் காக்கை எச்சம் மாதிரி கிடக்கும். வளர்ந்தபின் இலைப் பச்சை. தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சளாய்க் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். புழுவிலிருந்துதான் பட்டு வருகிறது என்று படித்திருந்தேன். எந்தப் புழு என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது.

"மரத்த மொட்டையடிக்குதுங்க, புடுங்கி எறிங்க" என்றாள் மனைவி. அரிசி கிடைக்காத அந்த நாளில் மரவள்ளிக் கிழங்கைத் தொண்டையில் இறக்கியது அந்த எலுமிச்சைதான்.

"உனக்குச் சேலை நெய்யுது, சும்மா இரு" என்றேன். பறவைகள் கொத்தத் தொடங்கவே, கிளைகளை ஒடித்து வீட்டுக்குள் வைத்து வளர்த்தேன்.

ஒருநாள் தின்பதை நிறுத்தின. நூலும் வந்தது: குழந்தைக்கு அரைஞாண் கட்டியதுபோல இடுப்பைச் சுற்றி ஒரே ஓர் இழை. அதைக் கட்டிக்கொண்டு, காய்ந்த இலை மாதிரி கூடாகித் தொங்கின. என் பட்டு உற்பத்தி அவ்வளவுதான். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கூடுகள் வெடித்தன. கசங்கிய ஈர இறக்கைகள் மெல்ல விரிந்தன. கறுப்பில் நீலத்தூள் தூவினாற்போல், அடியில் சிவப்புத் தீற்று. வீடெல்லாம் பறந்தன. ஒன்று என் மனைவியின் ஒட்டுப்போட்ட சேலைத் தோள்மேல் போய் உட்கார்ந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

சத்தம் கேட்டு ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்தார். கதையைக் கேட்டு, சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கிராணி ஐயா படிச்ச படிப்பு பறந்து போவுது லா! ஏன் தங்கச்சி, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

கிராணி வீட்டார் தமக்குக் கீழான மண்டோர் வீட்டில் இரவல் கேட்பதில்லை. எஸ்டேட் கௌரவம் அப்படி. ஆகவே புழுவிடம் கேட்டிருந்தேன். அவர் தகரப்பெட்டியிலிருந்து தம் கல்யாணப் பட்டுச்சேலையையே எடுத்து வந்து கொடுத்தார். சுவாவில் மணப்பெண்ணைவிட என் மனைவியைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

பிறரிடம் உதவி கேட்க வாய் கூசும்போதெல்லாம் அந்தக் கறுப்பு இறக்கைகள் இன்றும் என் கண்முன் வந்து படபடக்கின்றன. சண்டை முடிந்தபின் சிரம்பானில் அவளுக்கொரு பட்டுச்சேலை வாங்கினேன். தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இதுக்கு எத்தன எலுமிச்ச மரங்க போச்சு?"