மூணாம் டிவிஷனுக்கு ஓர் அர்ச்சனை

போன வெள்ளிக்கிழமை. காளி கோயிலில் தட்டோடு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா.

“பேரு?” என்றார் குருக்கள்.

அந்த அம்மா சொன்ன பெயர் குருக்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அது ஓர் இங்கிலீஷ் ஃபுட்பால் கிளப்பின் பெயர்!

“நட்சத்திரம்?”

“தெரியலை சாமி. மூணாம் டிவிஷன்ல இருக்கு.”

குருக்கள் நிதானமான மனிதர். “சரி, அம்பாள் பேருக்கே பண்ணிடறேன்” என்று உள்ளே போய்விட்டார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. அந்த அம்மாவை எனக்குத் தெரியும். இங்கே பர்மாவில், பசுந்தாங் மார்க்கெட்டில் மீன் விற்கும் சரோஜா அக்கா. பர்மாக்காரர்கள் மரியாதையாக ‘டோ சரோ’ என்பார்கள்.

அக்காவின் மகள் கலா, வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே இருக்கும் பெரியவர்களுக்கு உள்ளூர் கிளப்தான் உயிர். சனிக்கிழமை ஜெயித்தால் சாப்பாட்டுத் தட்டு காலி. தோற்றால்... ஸ்பூனைத் தொட மாட்டார்கள். கலா ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் கெஞ்ச வேண்டும்.

அவர்களில் ஜார்ஜ் என்று ஒருவர். முதல் குளிர்காலத்தில் கலா நடுங்குவதைப் பார்த்து, தன் கழுத்தில் இருந்த கிளப் மஃப்ளரைக் கழற்றிக் கொடுத்தவர்.

“நான் போத்திவிட வேண்டிய புள்ளை தம்பி. அவர் போத்திவிட்டிருக்கார். அவர் பட்டினி கிடக்கலாமா?” என்பார் அக்கா.

இப்படித்தான் ஒரு மீன்காரம்மா, லீக் டேபிள் படிக்கக் கற்றுக்கொண்டார். ஆஃப்சைடு தெரியாது. ஆனால் எத்தனை பாயின்ட் எடுத்தால் தப்பிக்கலாம் என்பது விரல் நுனியில்!

இந்த சீசன் லீக்கில் அந்தக் கிளப்புக்குச் சரியான அடி. கடைசி நாலு இடத்துக்குள்ளேயே கிடந்தது; அங்கேயே முடித்தால் நாலாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். கப் போட்டியில் மட்டும் எப்படியோ இரண்டு ரவுண்ட் தாண்டிவிட்டார்கள். மூன்றாவது ரவுண்டில், ஜனவரியில், எதிரே வந்தது யார் தெரியுமா? இருபது வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தும் பெரிய கிளப்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேட்ச். டீக்கடை முழுக்க எங்கள் கிளப் சட்டைதான். சரோஜா அக்கா வந்தார். கடையில் ஒரே பெண் அவர்தான். நேராக டி.வி.க்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “அந்த ஒம்போதாம் நம்பருக்கு முட்டி சரியில்ல, பாவம்” என்றார். யாரோ சிரித்தார்கள்.

பத்தாவது நிமிஷம் அந்த முட்டி சரியில்லாதவன் கோல் போட்டான். சிரிப்பு நின்றது.

அப்புறம் எழுபத்தைந்து நிமிஷம்... எங்கள் கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் அடித்த பந்துகளையெல்லாம் அந்தச் சின்னக் கிளப் பையன்கள் உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுத்தார்கள். விழுந்தார்கள். எழுந்தார்கள். அக்கா கையைக் கூப்பியபடி, ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் பக்கத்து மேஜை பர்மாக்காரர்களும் அவர் சொன்ன பெயர்களைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார்கள். எங்கள் கிளப் சட்டையைப் போட்டுக்கொண்டு!

கடைசி ஐந்து நிமிஷத்தில் நாங்கள் இரண்டு கோல் போட்டோம். ஜெயித்துவிட்டோம். நான் குதித்தேனா? இல்லை, தோற்றவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“யாதே தம்பி, பரவால்ல” என்று பர்மியமும் தமிழுமாக எனக்கு ஆறுதல் சொன்னவர் அக்காதான். “இன்னைக்கு ஜார்ஜ் சாப்பிட மாட்டாரேன்னுதான்...”

மறுநாள் மார்க்கெட்டில் அவரே கூப்பிட்டுச் சொன்னார். “சாப்பிட்டாராம்! ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்! ‘என் பசங்க ஆடினதைப் பாத்தியா’ன்னு கலாகிட்ட ஒரே பெருமையாம்.”

இப்போது கோயிலுக்கு வருவோம். வெளியே செருப்பு மாட்டும்போது கேட்டேன்.

“நாளைக்குக் கடைசி மேட்ச் இல்லையாக்கா? ஜார்ஜ் எப்படி இருக்கார்?”

அக்கா குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டார்.

“மார்ச் மாசமே போயிட்டார் தம்பி. தூக்கத்துலயே. கலாதான் பக்கத்துல இருந்திருக்கா.”

இந்த மாதிரி நேரத்தில் மடத்தனமாகத்தானே ஏதாவது கேட்போம்? கேட்டேன்.

“அப்புறம்... இந்த அர்ச்சனை யாருக்கு?”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அங்க இன்னும் பதினாறு பேர் இருக்காங்களே. அவங்க சாப்பிட வேண்டாமா?”

சனிக்கிழமை மேட்ச் டி.வி.யில் இல்லை. ஆறு மணிக்கு அக்காவின் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து என் போனில் ஸ்கோர் பார்த்தோம். நெட் வந்தது, போனது. ஜீரோ - ஜீரோ என்றே வெகுநேரம் நின்றது. மறுபடி நெட் வந்தபோது ஆட்டமே முடிந்திருந்தது. ஒன்று - ஜீரோ. ஜெயித்துவிட்டார்கள். மூணாம் டிவிஷனிலேயே இருப்பார்கள்!

அக்கா கத்தவில்லை. கண்ணை மூடி, ‘அப்பாடா’ என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். பிறகு, “அங்க இப்ப மத்தியானம் இல்ல? சூடா இருக்கறப்பவே போடச் சொல்லணும்” என்று மகளுக்கு போன் போட ஆரம்பித்தார்.

இருபது வருஷமாக ஒரு கிளப்புக்கு ரசிகன் நான்... அந்தக் கிளப்பின் ஊரில் யாராவது சாப்பிட்டார்களா என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறேனா?